கர்ப்பிணிகள் வரிசையில் என் மகள்

1

திருச்சியில் விமானம் ஏறி இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷம் முடிந்த காலையில், யாரிடமும் சொல்லாமல் கொஞ்சம் கேசரி கிளறலாம் என்று ரவையை வறுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் குணாவுக்குக் கல்யாண நாளே நினைவிருக்காது, நான் வந்து இறங்கிய நாளா நினைவிருக்கப் போகிறது? அவர் காலை ஷிப்டுக்குக் கமுந்திங் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். மகள் யாழினிக்குப் பத்தொன்பது வயது, ஈப்போவில் கல்லூரியில் படிக்கிறாள். அன்றைக்கு வகுப்பில்லை என்று போர்வைக்குள் கிடந்தாள்.

அந்த நாளை நினைவு வைத்திருந்தது உறையூரில் இருக்கும் என் அக்கா மல்லிகா ஒருத்திதான். முந்திக்கொண்டு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "செல்வி, நீ போயி இருவது வருஷம் ஆச்சுடி. ஏர்போர்ட்டுல திரும்பிக்கூடப் பாக்காம போனியே, அது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு." திரும்பிப் பார்த்திருந்தால் நான் ஏறியிருக்க மாட்டேன். இதை அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ஆனாலும் வருஷா வருஷம் அவள் குறைப்பட்டுக்கொள்வாள், நான் சமாதானம் சொல்வேன். எங்களுக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு மலேசியா என்றால் இரட்டைக் கோபுரம். நான் அதை மொத்தமாக இரண்டு தடவை பார்த்திருப்பேன். என் மலேசியா ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகிற பக்கம் இருக்கும் ஒரு தாமான். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும் குடியிருப்புக்கு இங்கே அதுதான் பெயர். இந்த இடம் முன்பு ரப்பர் தோட்டம். குணாவும் அவருடைய அக்கா சரோஜாவும் பிறந்த, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். பெயருக்குக்கூட ஒரு பால்மரம் மிச்சமில்லை. சரோஜா அண்ணி மட்டும் இன்னமும் தோட்டத்துக் கணக்கிலேயே வழி சொல்வார். "ஆஸ்பத்திரி மேட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்பார், அங்கே இருப்பது ஒரு பெட்ரோல் பங்க்.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். தைப்பூசம் வந்தால் இடுப்பு ஒடியும், மற்ற மாதங்களில் மூச்சு விடலாம். இந்தத் தாமானில் பாதிப் பெண்களின் உடம்பளவு எனக்குத் தெரியும். என் வீட்டுச் சமாச்சாரம் அவர்கள் எல்லாருக்கும் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நடந்ததில் பாதிக்கு, அவர்கள் என்ன பேசுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

2

ரவை சிவப்பதற்குள் யாழினி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அடிவயிற்றின் வலது பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு பாதி குனிந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ம்மா, சக்கிட் லா. ரொம்ப."

சக்கிட் என்றால் மலாயில் வலி, லா என்பது இங்கே எல்லார் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் ஓர் அசை. இந்த வீட்டில் எனக்குப் பழகிப்போன வார்த்தைகள்தான்.

"எப்படி வலிக்குது? குத்துதா? இழுக்குதா? முறுக்குதா? விட்டு விட்டு வருதா, கடுத்துக்கிட்டே இருக்கா?"

"வலிக்குதும்மா."

"அதான் எப்படின்னு கேக்குறேன்."

"ம்மா, வலிக்குதுன்னா வலிக்குது லா!"

சொல்லி முடிப்பதற்குள் கை கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்துவிட்டாள். நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு ஓர் ஆற்றாமை வந்தது. வயிற்றுவலிக்கு மட்டுமே நம்மிடம் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன. நானும் அக்காவும் சின்ன வயதில் "சுருட்டிச் சுருட்டி வலிக்குதும்மா" என்று சொன்னால் அம்மாவுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். இவளுக்குச் சோறும் பாலும் கொடுத்தேன், சிலம்பமும் பரதமும் கற்க அனுப்பினேன். வலிக்கு வார்த்தை கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடம் கொடுத்த மலாயும் ஆங்கிலமும் அவளிடம் நிறைய இருந்தன. அவற்றில் பதில் சொன்னால் எனக்கு எட்டாது என்று அவளுக்குத் தெரியும்.

குணாவுக்குப் போன் போகவில்லை. மெஷின் ஓடும் இடத்தில் கையில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் சரோஜா அண்ணியைக் கூப்பிட்டேன். வீட்டில் போட்டிருந்த கைலியோடு காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கெளம்பு, கெளம்பு. தனியார் ஆஸ்பத்திரிக்கே போலாம். குணா கம்பெனி மெடிக்கல் கார்டு இருக்குல்ல? எடு."

அண்ணியின் அவசரத்துக்கு ஒரு கதை உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை ட்ரெஸர் என்பார்கள். தலைவலி, வயிற்றுவலி, காய்ச்சல் எது என்று போனாலும் ஒரே பீங்கான் ஜாடியிலிருந்து ஒரே மருந்தை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவாராம். அண்ணி காரில் போகும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டே வந்தார். "எங்களுக்குத்தான் அந்த வெள்ளை மருந்துத் தண்ணி. நம்ம புள்ளைக்கு என்னா குறச்சல்? பெரிய மெஷின்லயே காட்டுவோம்." பின் இருக்கையில் யாழினி என் மடியில் சுருண்டு கிடந்தாள். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் என் முழங்காலை நகம் பதியப் பிடித்தாள்.

3

ஆஸ்பத்திரி வரவேற்பில் என் கை தானாகப் பைக்குள் போய் சிவப்பு அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகள் இல்லை என்பதற்கு அந்தச் சிவப்பு. அதற்காகக் குடிநுழைவு அலுவலகத்துக்கு நடந்த நடையை எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கங்கள் போதாது. ஒரு தடவை போட்டோவில் காது தெரியவில்லை என்றார்கள், அடுத்த தடவை கணவர் நேரில் வரவில்லை என்றார்கள், அதற்கும் அடுத்த தடவை அதிகாரியே வரவில்லை. அந்த நடையில் வந்த பழக்கம் இது, எந்தக் கவுண்டரைக் கண்டாலும் அட்டையை நீட்டிவிடுவேன். அங்கிருந்த பெண் அதைச் சிரித்தபடி என் பக்கமே தள்ளிவிட்டு, குடிமகளான யாழினியின் நீல அட்டையைக் கேட்டாள். கையெழுத்தையும் அவளையே போடச் சொன்னாள். பதினெட்டு தாண்டியவளாம். குனிந்து நிற்கவே முடியாதவள் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே பார்த்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண், பெயர் ஹஸ்லினா. வயதில் சின்னவர், அவசரப்படாத குரல். வயிற்றை அழுத்திப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். கடைசியாக எப்போது தூரமானாள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி பதில் சொன்னாள். அதன் பிறகு அவள் பேசிக்கொண்டே போனாள். மலாயும் ஆங்கிலமும் கலந்து, கையால் காட்டி, மூச்சு வாங்க வாங்க விவரமாகச் சொன்னாள். என் மலாய் சந்தை மலாய். மீன் பேரம் பேசப் போதும். என்னிடம் "வலிக்குது" என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டவள், முன்பின் தெரியாத ஒருத்தரிடம் அவ்வளவு பேசினாள்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், தெருஸ் சி.டி. ஸ்கேன் லா" என்றார். நேராக அதற்கே போய்விடுங்கள் என்று அர்த்தம்.

டாக்டர் தலையசைத்துவிட்டு ஏதோ சொன்னார். கூட நின்ற தமிழ் நர்ஸ் எனக்காகச் சொன்னார். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள்.

"அக்கா, ரெண்டு சந்தேகம் இருக்காம். ஒண்ணு குடல்வால். இன்னொண்ணு, முட்டைப்பையில கட்டி இருந்து அது திருகிக்கிட்டிருக்கலாம். திருகிக்கிட்டா ரத்தம் போகாது. ரொம்ப நேரம் உட்டா அந்தப் பை செத்துப்போகும். அதனால மொதல்ல வயித்து மேல ஜெல்லி தடவிப் பாக்குற ஸ்கேன் எடுக்கணும்னு சொல்றாங்க."

"ஏன், பெரிய ஸ்கேன் எடுத்தா என்னா?" என்றார் அண்ணி.

"அது எக்ஸ்ரே மாதிரி, ஆனா எக்ஸ்ரேயவிட நெறைய கதிர் போகும். வயசுப் புள்ள, அந்த எடத்துலதான் முட்டைப்பை இருக்கு, வேணாமேன்னு பாக்குறாங்க. இதுல கதிரே இல்ல. ரத்தம் ஓடுதா இல்லையான்னும் இதுலதான் நல்லாத் தெரியுமாம். இதுல தெரியலன்னா எம்.ஆர்.ஐ. பாப்பாங்க. அவசியம்னா சி.டி.யும் எடுப்பாங்க, அது ஒண்ணும் கெட்ட மெஷின் இல்ல."

அதன் பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் திரைக்கு வெளியே போகச் சொன்னார். தாய் நான் இருக்கும்போது என்ன கேள்வி என்று புரியாமல் நின்றேன். மிஸ்ஸி சிறுநீர் பிடிக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது புரிந்துவிட்டது. சுள்ளென்று கோபம் வந்தது.

"என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

"எல்லாருக்கும் பாக்குறதுதான்க்கா. நாளைக்கு நான் வந்து படுத்தாலும் இந்த டப்பாவ நீட்டுவாங்க, எனக்கு அம்பத்தெட்டு வயசு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

திரைக்குப் பின்னால் டாக்டர் என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

4

கேட்கிறவர்கள் கேட்கலாம், கதிர் இல்லாத ஸ்கேன் என்று டாக்டரே சொல்லும்போது உனக்கு என்ன தயக்கம் என்று. தயக்கத்துக்குத் திருச்சி தில்லைநகர் வரை போக வேண்டும்.

அக்காவுக்கு அப்போது யாழினியின் வயது, எனக்குப் பதினாலு. அவளுக்கு அடிக்கடி அடிவயிற்றில் வலி வந்தது. ஒரு டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். தில்லைநகர் குறுக்குத் தெரு ஒன்றில் இருந்த ஸ்கேன் சென்டருக்கு அம்மா எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று எழுதிய பலகை வாசலிலேயே தொங்கியது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வயிறும் வளையலுமாக உட்கார்ந்திருந்தார்கள். சிறுநீர் முட்ட வேண்டும் என்று அக்காவைத் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு கர்ப்பிணிகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். பாவாடை தாவணியில் அங்கே அவள் ஒருத்திதான்.

அப்பாவோடு வேலை பார்த்தவரின் மனைவி அங்கே வந்தார். "என்ன மல்லிகா, நீ எங்க இங்க?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அம்மா சட்டென்று எழுந்து, "சும்மாதான் வந்தோம், கெளம்பிட்டோம்" என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் படி இறங்கும்போது உள்ளே மல்லிகா என்று பெயர் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. யாரும் திரும்பவில்லை.

வாயு என்றார்கள். ஓமத் தண்ணீர், பெருங்காயம், விளக்கெண்ணெய் என்று நாள் போயிற்று. சில மாதங்கள் கழித்து ஒருநாள் அவள் கல்லூரியில் மயங்கி விழுந்து, ஆபரேஷன் நடந்தது. ஒரு பக்கத்து முட்டைப்பை அழுகிவிட்டது என்று எடுத்துவிட்டார்கள். பிறகு கல்யாணம் ஆனது. நல்ல மனுஷர், என் மாமா. குழந்தை மட்டும் இல்லை. இன்னொரு பக்கம் நன்றாகத்தானே இருந்தது, அதனால் இதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. இது இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

எனக்குள் இரண்டு விஷயம் பதிந்துபோயிருந்தது. வயிற்றுவலியைச் சும்மா விடக் கூடாது. கல்யாணமாகாத பெண்ணை அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் நம் ஊரில் இந்தச் சி.டி. மெஷின் கைக்கெட்டியிருந்தால், கதவை மூடிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் அக்கா தப்பித்திருப்பாளே என்று எத்தனையோ தடவை நினைத்து ஏங்கியிருக்கிறேன். அதனால் அண்ணி பெரிய ஸ்கேன் என்றபோது எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

5

ஸ்கேன் அறைக்கு வெளியே என்ன கூட்டம் என்று அண்ணி போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கிசுகிசுவென்று பேசினார்.

"செல்வி, அங்க பூரா புள்ளத்தாச்சிங்க. நம்ம கோயில் ஆளுங்க யாராச்சும் பாத்தா என்னா நெனைப்பாங்க? வேற ஆஸ்பத்திரி தெரியும் எனக்கு, அங்க போனா கேட்டத எடுத்துக் குடுப்பாங்க. வா, போலாம்."

நான் சரி என்றேன். யாழினியை உட்கார வைத்திருந்த சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினேன்.

"எங்கம்மா போறீங்க?"

"வேற எடத்துல பாக்கலாம் கண்ணு. அங்க நல்ல மெஷின் இருக்காம்."

அவள் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"டாக்டர் சொன்னது கேட்டீங்கல்ல? திருகிக்கிட்டா செத்துப்போகும்னு சொன்னாங்கல்ல? நான் வரல."

"யாழினி, அத்தை சொல்றத கேளு லா" என்றார் அண்ணி. "அந்த லைன்ல உக்காந்தா ஆளுங்க தப்பா பேசுவாங்க."

"பேசட்டும் அத்தை. சக்கிட் எனக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "ம்மா, இது மொத தடவ இல்ல. முன்னாடியே வந்து வந்து போச்சு. காலேஜ்ல ஃபிரண்ட் ரூம்ல படுத்துக்குவேன். உங்ககிட்ட சொன்னா நீங்க பெரியம்மா கதைய நெனைச்சுப் பயப்படுவீங்கன்னுதான் சொல்லல. ப்ளீஸ்ம்மா. அங்க கூட்டிட்டுப் போங்க."

பெரியம்மா கதையை நான் அவளிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. நானும் அக்காவும் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டிருக்கிறாள். தமிழ் அவளிடம் நிற்கவில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்த வருஷங்களில், எது அவள் காதில் நிற்க வேண்டுமோ அது நின்றிருந்தது. நாற்காலியை மறுபடியும் திருப்பினேன்.

அண்ணி என் கைப்பையை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

6

அண்ணி சொன்னது சரிதான், பூராவும் பிள்ளைத்தாச்சிகள்தான். சீனப்பெண்கள், மலாய்ப் பெண்கள், நம்மவர்கள், எல்லாரும் ஒரே மாதிரி முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் யாழினியின் நாற்காலியை நிறுத்தினேன். மிஸ்ஸி உள்ளே சொல்லப் போனார்.

எது நடக்கக் கூடாது என்று நினைக்கிறோமோ அது எதிரே வந்து உட்காரும். மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வந்தவர் தனலட்சுமி அக்கா. என்னிடம் ரவிக்கை தைப்பவர். கோயிலில் ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் பூஜை முடிவதற்குள் தாப்பா நகரம் வரைக்கும் போய்விடும். மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"செல்வி? யாழினிக்கா ஸ்கேன்? என்னா ஆச்சு?"

சும்மாதான் வந்தோம் என்ற அம்மாவின் பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதே வார்த்தை, அதே அவசரம். கீழே யாழினி என் புடவை முந்தானையைப் பிடித்திருந்தாள்.

"அடிவயித்துல வலிக்குதுக்கா. முட்டைப்பை திருகிக்கிச்சோன்னு சந்தேகப்படுறாங்க. இந்த ஸ்கேன்லதான் தெரியுமாம்" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தனலட்சுமி அக்கா யாழினியின் முகத்தைப் பார்த்தார். குனிந்து பாதத்தைத் தொட்டார். "அலாமாக், ஐயோ, கால் ஐஸா இருக்கு" என்று தன் தோளில் கிடந்த துப்பட்டாவை உருவி அவள் காலைச் சுற்றினார். பிறகு கவுண்டரைப் பார்த்து மலாயில் ஒரு சத்தம் போட்டார். திரும்பி எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்.

"என் மருமகளுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அவ புள்ள இன்னும் நாலு மாசத்துக்கு உள்ளதான் இருக்கப் போவுது. இந்தப் புள்ளய மொதல்ல கூப்புடுங்க."

அவர் சொல்லாவிட்டாலும் மிஸ்ஸி கூப்பிட்டிருப்பார். ஆனால் அவர் சொன்னார். அன்று எங்கள் அம்மா கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால், அப்பாவோடு வேலை பார்த்தவரின் மனைவியும் என்ன சொல்லியிருப்பாரோ, யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷம் அந்த அம்மாளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். பதில் சொல்ல நாங்கள்தான் அங்கே இல்லை.

கதவு திறந்தபோது நான் வெளியிலேயே நின்றேன். திரைக்கு வெளியே தள்ளியது மனதில் இருந்தது. யாழினி தலையைத் திருப்பி, "ம்மா, நீங்களும் வாங்க" என்றாள்.

7

அறை இருட்டாக, குளுகுளுவென்று இருந்தது. வயிற்றில் ஜெல்லியைத் தடவி டாக்டர் கருவியை வைத்து நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறம் புகை மாதிரி அசைந்தது. எனக்குத் தெரிந்த ஒரே ஸ்கேன் திரை, இதே யாழினி என் வயிற்றில் இருந்தபோது பார்த்ததுதான். அன்று அதில் ஒரு துடிப்பு தெரிந்தது. இன்று அந்தத் துடிப்பு வளர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு என் விரலை நெரித்தது.

டாக்டர் ஒரு பொத்தானை அமுக்கினார். திரையில் சிவப்பும் நீலமும் பொட்டுப் பொட்டாக வந்தன. கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தார். மிஸ்ஸி என் காதருகே வந்தார்.

"கட்டி இருக்குக்கா. பை திருகியிருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் ரத்தம் ஓடுது. ஒடனே ஆபரேஷன் பண்ணா காப்பாத்த முயற்சி பண்ணலாம்."

கதவோரம் நின்ற அண்ணி மெல்லக் கேட்டார், "பெரிய ஸ்கேன்?"

வேண்டாம், தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கும் யாழினியேதான் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை நான் அந்தத் தாளை அவளுக்கு வசதியாகப் பிடித்துக்கொண்டேன். அவளை உள்ளே கொண்டுபோன பிறகு குணா தொழிற்சாலைச் சட்டையோடு ஓடி வந்தார். "எப்படி லா ஆச்சு, காலையில நல்லாத்தானே தூங்கிட்டிருந்தா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். நானும் அண்ணியும் ஆளுக்கு ஒரு பக்கம் அவருக்கு விவரம் சொன்னோம். வேறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதை மட்டும் இருவரும் விட்டுவிட்டோம். நான் சொல்லப் போனேன், அண்ணி தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

அந்தக் காத்திருப்பில் எனக்கு அக்கா வேண்டும் என்று இருந்தது. ஒரு மனுஷி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், அது அவளாக இருக்க வேண்டும். போனை எடுத்து எடுத்து வைத்தேன். அவளிடம் எப்படிச் சொல்வது? உனக்கு நடந்ததே என் மகளுக்கும் நடக்கிறது என்றா? உனக்குப் போனது இவளுக்குத் தப்பிக்கலாம் என்றா? இருபது வருஷத்தில் நான் அவளுக்குப் போன் செய்யாத பெரிய விஷயம் இது ஒன்றுதான்.

டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். திருகலைப் பிரித்துவிட்டோம், கட்டியை எடுத்துவிட்டோம், பையின் நிறம் திரும்பிவிட்டது என்றார். மிஸ்ஸி மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவர் சிரிப்பில் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணிதான் முதலில் அழுதார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே யாழினி கேட்டாள். "ம்மா, அன்னிக்கு கேட்டீங்களே, குத்துதா, இழுக்குதான்னு. அதுல ஒண்ணு முறுக்குதான்னு கேட்டீங்கல்ல? அதான்மா. அதேதான்." பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடுப்பு என்றால் என்ன, சுளுக்கு எப்படி இருக்கும், எரிச்சலும் காந்தலும் ஒன்றா என்று. வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் நடித்து நடித்துக் காட்டினேன்.

8

அக்காவிடம் சொன்னது நானில்லை. நான் யோசித்துக்கொண்டே இருந்தேன், யாழினி அவளாகவே பெரியம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். நான் தையல் மெஷினில் உட்கார்ந்து காதை அங்கே வைத்திருந்தேன். தப்பும் தவறுமான தமிழில், நடுவில் லா போட்டு, முதல் தடவை கல்லூரியில் வலி வந்ததிலிருந்து ஆபரேஷன் வரை எல்லாவற்றையும் சொன்னாள். சக்கர நாற்காலியை நான் திருப்பியதையும் சொன்னாள். தனலட்சுமி அக்காவின் துப்பட்டாவையும் சொன்னாள். அந்தப் பக்கம் அக்கா உம் கொட்டுவது மட்டும் கேட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஸ்கேன்ல எடுத்த படம் குடுத்தாங்களா கண்ணு? இருந்தா பெரியம்மாவுக்கு அனுப்பு."

யாழினி படத்தைப் போனில் எடுத்து அனுப்பினாள். அக்கா பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை. எனக்கு ஊசி ஓடவில்லை. அனுப்பியிருக்கக் கூடாதோ என்று யாழினியை ஒரு தடவை திட்டியும் விட்டேன்.

மறுநாள் காலையில் குரல் செய்தி வந்தது.

"செல்வி, படம் பாத்தேன்டி. எது கட்டி, எது பையின்னு புள்ள வட்டம் போட்டு அனுப்பியிருக்கா, இருந்தாலும் எனக்கு ஒண்ணும் வெளங்கல. மாமாகிட்டக் காட்டினேன். அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, பெருசா பிரிண்டு போட்டுக் குடுப்பாங்களான்னு கேட்டுட்டு வரேன்னு கடைக்குக் கெளம்பிட்டாரு. இந்த வீட்டுக்கு வந்த மொத ஸ்கேன் படம்டி இது."